கார்பன் வரியா, மானியமா?

நிலக்கரி, பெட்ரோலிலிருந்து விலக அரசுகளிடம் இருக்கும் முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, அவற்றை எரிப்பதால் வரும் கார்பன் புகைக்கு வரி போடுவது. மற்றது, சூரிய மின்சாரம், மின்வாகனம் போன்றவற்றுக்கு மானியம் கொடுப்பது.

பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலானோர் வரியைத்தான் சொல்வார்கள். வரி இருந்தால், எங்கே குறைந்த செலவில் புகையைக் குறைக்க முடியுமோ, அங்கே அது தானாகக் குறையும். எந்தத் தொழில்நுட்பம் ஜெயிக்கும் என்று அதிகாரிகள் ஊகிக்க வேண்டாம். சுவீடன் 1991-லிருந்தே வசூலிக்கிறது. ஆனால் அரசியல்? பிரான்சில் 2018-இல் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் தெருவில் இறங்க, அரசு பின்வாங்கியது. ஆஸ்திரேலியா 2012-இல் கொண்டுவந்ததை 2014-இலேயே ரத்து செய்தது. கனடா கதை இன்னும் வேடிக்கை: வசூலித்ததில் பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வந்த பணம் யார் நினைவிலும் நிற்கவில்லை, பெட்ரோல் பங்க்கில் கொடுத்ததுதான் நின்றது போலும். 2025-இல் நுகர்வோர் மீதான கட்டணம் போய்விட்டது.

மானியம் அவ்வளவாக யாருக்கும் கசப்பதில்லை. ஜெர்மனி 2000-இல் சட்டம் போட்டு சூரிய மின்சாரத்துக்கு நல்ல விலையை உறுதி செய்தது. அந்தச் சந்தையை நம்பிச் சீனா தொழிற்சாலைகளைப் பெருக்க, பேனல் விலை உலகம் முழுக்கச் சரிந்தது. சரி, செலவு? ஜெர்மானியர்கள் அதை மின்கட்டணத்தில் பல வருஷம் சுமந்தார்கள். அப்புறம், அமெரிக்கா 2022-இல் அள்ளிக் கொடுத்த வரிச்சலுகைகளில் பலவற்றை 2025-இல் வெட்டிவிட்டது. ஆக, இதுவும் நிரந்தரமில்லை.

என் ஓட்டு முதலில் மானியத்துக்கு, மாற்று வழி மலிவான பிறகு வரிக்கு. பஸ்ஸே வராத ஊரில் பெட்ரோலுக்கு வரி போட்டால் ஜனங்கள் வேறெதில் போவார்கள்?