ஆசிரியர் மின்தொகுப்புக்கு கூகுள் சைட்ஸ் போதுமா?

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அந்தப் பயிற்சி வகுப்பறையில் என்ன மாற்றியது என்பதைச் சான்றுகளோடு இணையத்தில் பதிந்துவைப்பதே மின்தொகுப்பு. அதற்குக் கையில் உள்ளவற்றில் எளிமையானது, இணையதளம் உருவாக்கும் கருவியான கூகுள் சைட்ஸ். கட்டணம் இல்லை, கோடிங் தெரிய வேண்டியதில்லை, தமிழ் எழுத்துரு சிதைவதில்லை.

கணக்கில்தான் முதல் கவனம் வேண்டும். பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். பணி மாறி அந்தக் கணக்கு நீக்கப்பட்டால் பல ஆண்டு உழைப்பும் அதோடு போகும். சொந்த ஜிமெயிலில் தொடங்குங்கள். அதில் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்வதால், பாட வீடியோக்களை யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி இணைப்பதே நல்லது.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அனுமதி. தளத்தைப் பப்ளிஷ் செய்தாலும், உள்ளே பதித்த டிரைவ் கோப்புக்குத் தனியாக அனுமதி தர வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவருக்குப் பாடத்திட்டம் திறக்காது. உங்கள் கணக்கில் எல்லாம் சரியாகத் தெரிவதால் குறை உங்கள் கண்ணில் படாது. உங்கள் கணக்கு உள்நுழையாத இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் இணைப்பை அனுப்ப வேண்டும். திருத்திய பிறகு மறுபடி பப்ளிஷ் அழுத்தாவிட்டால் பழைய பக்கமே தெரியும்.

சைட்ஸின் பெரிய குறை, கற்பித்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் சிந்தனைக் குறிப்புக்குத் தோதான அமைப்பு இல்லாதது. தேதிவாரியாகப் பதிவுகள் தாமாக அடுக்கப்படாது, சக ஆசிரியர் கருத்து எழுத இடமும் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பைப் பதித்து, சக ஆசிரியருக்கு மட்டும் அதில் கருத்திடும் அனுமதி கொடுத்துச் சமாளிக்கலாம். இதைச் செய்யாத தொகுப்பு வெறும் சான்றிதழ் ஆல்பம்தான். 1/3-ஐ விட 1/4 பெரிது என்று மாணவர் எழுதிய நோட்டுப் பக்கம், காகிதம் மடித்துச் சொல்லிக்கொடுத்த பிறகு அதே மாணவர் எழுதிய பக்கம், இடையில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று ஐந்தாறு வரி: இந்த மூன்றும் இருபது சான்றிதழ்களைவிட அதிகம் பேசும். நோட்டைப் படமெடுக்கும்போது மாணவர் பெயரை மறைத்துவிடுங்கள். முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம் வாங்க வேண்டும்.

மின்தொகுப்புக்கென்றே உள்ள திறந்த மூல மென்பொருளான மஹாராவில் குறிப்பெழுதும் நாளேடும் கருத்துப் பகுதியும் உள்ளேயே உண்டு. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க சர்வரும் ஆளும் தேவை. பயிற்சி நிறுவனங்களுக்கு அது சரிவரும். தனி ஆசிரியருக்கு சைட்ஸே போதும். பருவத்துக்கு ஒருமுறை கூகுள் கணக்கில் உள்ளவற்றைப் பதிவிறக்க உதவும் கூகுள் டேக்அவுட்டில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.