கொல்லைப்புற இறைச்சிக் கோழிக்கு எது ஏற்றது: கம்பெனித் தீவனமா, வீட்டுக் கலவையா, மேய்ச்சலா?

கொல்லையில் இறைச்சிக்காகப் பத்து இருபது கோழி வளர்ப்பவர்களுக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன: கடையில் மூட்டையாகக் கிடைக்கும் கம்பெனித் தீவனத்தை மட்டுமே போடுவது, மக்காச்சோளமும் புண்ணாக்கும் வாங்கி வீட்டிலேயே கலந்துகொள்வது, காலையில் திறந்துவிட்டு மாலையில் ஒரு கை தானியம் இறைப்பது. பெரும்பாலோர் இவற்றை மூட்டையின் விலையை வைத்தே ஒப்பிடுகிறார்கள். ஆனால் மூன்று வாரக் குஞ்சின் குடலும் மூன்று மாதக் கோழியின் குடலும் ஒன்றல்ல என்பதால், எந்த வயதில் எதைச் செரிக்க முடியும் என்று பார்க்காமல் போடும் கணக்கு பாதிக் கணக்குதான்.

கம்பெனித் தீவனத்தின் பலம் முதல் சில வாரங்களில் தெரிகிறது. பிராய்லர் குஞ்சுகளுக்கான தொடக்கத் தீவனமான ஸ்டார்ட்டரில் புரதம் 22 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கடைசிக் கட்டத் தீவனமான ஃபினிஷரில் அது 18 முதல் 20 வரை இறங்கும். அமினோ அமிலங்களும் வைட்டமின்களும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். பல தீவனங்களில், குடல் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்தும் இருக்கும் என்பதால், மூட்டையில் தைத்திருக்கும் சீட்டை ஒருமுறை படித்துவிட வேண்டும். சிறிய குடலும் பெரிய வளர்ச்சித் தேவையும் கொண்ட குஞ்சுக்கு இதற்கு ஈடான வீட்டுக் கலவையைத் தயாரிப்பது எளிதன்று. ஆனால் இதே தீவனத்தைச் சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழிகளுக்குக் கடைசி வரை போடுவது வீண் செலவு. பிராய்லர் இனம் ஒரு கிலோ எடை கூட ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் தீவனம் எடுக்கும். நாட்டு இனங்களுக்கு மூன்றரை, நான்கு கிலோ கூட ஆகும். செறிவைக் கூட்டினாலும் பிராய்லரின் வேகம் நாட்டுக்கோழிக்கு வராது. மிஞ்சும் புரதம் எச்சமாகத்தான் வெளியேறும், கூண்டில் அமோனியா நெடியும் ஏறும்.

இன்னொரு குறை அரைவைப்பையைச் சார்ந்தது. மாவாக அரைத்த தீவனத்தை மட்டுமே தின்று வளரும் கோழிக்கு அந்தத் தசைப்பை வேலையின்றிச் சிறுத்துவிடுகிறது. முழுத் தானியமோ கரகரப்பாக உடைத்த தானியமோ தின்னும் கோழிக்கு அது தடித்து வலுப்பெறும். இரை அங்கே கூடுதல் நேரம் தங்கி அமிலத்தில் ஊறுவதால் கெடுதல் செய்யும் கிருமிகள் குடலுக்குள் இறங்குவதும் குறைகிறது. பிராய்லரைக் கொல்லையில் வளர்த்தாலும் மூன்றாவது வாரத்துக்குப் பின் சிறிது உடைத்த கம்போ சோளமோ, அதனுடன் குறுமணலோ கொடுப்பது நல்லது. விலை மலிவென்று முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் குஞ்சுகளுக்குப் போடுவோரும் உண்டு. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். வளரும் கோழிக்கு ஒரு விழுக்காடே போதும். மிஞ்சுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீட்டுக் கலவை எட்டு வாரம் கடந்த நாட்டுக்கோழிக்கு நன்றாகப் பொருந்துகிறது. நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 55 கிலோ, அரிசித் தவிடு 20, சோயாப் புண்ணாக்கு 14, கடலைப் புண்ணாக்கு 8, தாது உப்புக் கலவை இரண்டரை, உப்பு அரை கிலோ என்று கலந்தால் புரதம் ஏறத்தாழ 17 விழுக்காடு வரும். கம்பு மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மக்காச்சோளத்தில் ஒரு பகுதியைக் கம்பாக மாற்றலாம். கம்பில் புரதம் சற்றுக் கூடுதல்.

இந்த வழியின் ஆபத்து விகிதத்தைவிடச் சரக்கின் தரத்தில்தான் இருக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, காரணம் பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கு என்று தெரியவந்தது. அஃப்லடாக்சின் என்ற நஞ்சு அந்த ஆய்விலேதான் அடையாளம் காணப்பட்டது. மழைக்காலத்தில் சாக்கில் கட்டிவைத்த கடலைப் புண்ணாக்கு நம்மிடமும் அதே கதிக்கு ஆளாகும். வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு முழுமையாக நீங்காது. வாடை மாறியதைக் குப்பையில் கொட்டுவதே வழி. எண்ணெய் எடுக்காத தவிடு சில வாரங்களில் சிக்கடித்துவிடும் என்பதால் குறைவாக வாங்கிச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். புரதத்துக்காகக் கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் அதிலுள்ள உப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. உப்பு கூடினால் கோழி தண்ணீரை அதிகம் குடித்து நீராகக் கழிக்கும். அதை நோய் என்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓடுவதும் நடக்கிறது.

மேய்ச்சல் செலவில்லாத வழி. புழு, பூச்சி, கீரை, சிந்திய தானியம் எல்லாம் சேர்ந்து ஒரு நாட்டுக்கோழியை மெதுவாக, ஐந்தாறு மாதத்தில், ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டுவரும். அரைவைப்பைக்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் வீட்டைச் சுற்றி இரை இல்லாத இடத்தில் மேய்ச்சல் என்பது மிஞ்சிய சோற்றைப் போடுவதாகவே முடிகிறது. இதற்கொரு பழைய பாடம் உண்டு. 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் தேறுவதையும் கண்டார். தவிட்டோடு போன தயாமின் என்ற வைட்டமினே காரணம் என்பது பின்னர் தெளிவாகி, 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே சோறு போடுவதானால் தவிட்டைப் பிசைந்து போடுவதே முறை. அசோலா என்ற நீர்த்தாவரத்தைப் பற்றிய பேச்சு அதன் தகுதிக்கு மீறியது என்பது என் கருத்து: உலர்ந்த எடையில் அதன் புரதம் 20 விழுக்காட்டைத் தாண்டினாலும், பச்சையாக இருக்கையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நீர்தான், நூறு கிராம் தின்ற கோழிக்கு இரண்டு கிராம் அளவுக்கே புரதம் தேறும். பழைய பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் போட்டு, நீர் தெளித்து, மாலையில் கவிழ்த்து வைத்து மறுநாள் எடுக்கும் கரையான், கோழிக்குஞ்சுகளுக்கு அதைவிட மேலான இரை.

கழிச்சல் விஷயத்தில் மூன்று வழிகளும் மூன்று விதமாகத் தடுமாறுகின்றன. மேயும் கோழிக்கு உருண்டைப் புழுவும், எறும்பு, வண்டு வழியாக நாடாப்புழுவும் தொற்றும். தீனி தின்றும் மெலியும் கோழிக்குக் குடற்புழு நீக்கம் செய்தாக வேண்டும். அடைத்து வளர்க்கும் குஞ்சுகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து இரத்தக் கழிச்சலே பெரிய அச்சம். எச்சத்தோடு வெளிவரும் அதன் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைந்துவிடும். தண்ணீர்க் குவளையைச் சுற்றிய ஈரக் கூளத்தை அன்றன்றே மாற்றாமல் எந்தத் தீவனம் போட்டும் பயனில்லை. இரத்தக் கழிச்சலுக்குக் குடிநீரில் தரும் ஆம்ப்ரோலியம் தயாமினைப் போல நடித்து ஒட்டுண்ணியை ஏமாற்றும் மருந்து. அதனுடன் பி வைட்டமின் டானிக்கும் சேர்த்துக் கலக்குவது மருந்தின் வேலையைக் கெடுக்கும். நல்லெண்ணத்தில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து கழுத்து திருகும் வெள்ளைக் கழிச்சலுக்கும் தீவனத்துக்கும் தொடர்பில்லை. கால்நடைத் துறை இரண்டு வாரம் நடத்தும் தடுப்பூசி முகாமைத் தவறவிடாததே அதற்குக் காப்பு. கண்ட கழிச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுப்பது எந்த வழியிலும் பொருந்தாது; கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த இந்திய அரசு 2019இல் தடையும் விதித்திருக்கிறது.

ஆறு வாரத்தில் அறுக்கும் பிராய்லருக்குக் கம்பெனித் தீவனத்தை விட்டு வேறு வழி தேடுவது நேரக்கேடு. நாட்டுக்கோழிக்கு முதல் எட்டு வாரம் கம்பெனித் தீவனம், பின்னர் பகலில் மேய்ச்சல், மாலையில் வீட்டுக் கலவை என்பதே என் தேர்வு. ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வார காலத்தில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும். எதைப் போட்டாலும், அறுப்பதற்கு முந்தைய வாரத்தில் கழிச்சல் தடுப்பு மருந்து கலக்காத தீவனத்துக்கு மாறி, சிகிச்சைக்கு ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதன் சீட்டில் சொன்ன இடைவெளி முடியும் வரை காத்திருந்து, கடைசி எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும் வைத்தால் தீனிப்பை காலியாகி, இறைச்சியைச் சுத்தமாக எடுக்க முடியும்.