பொலிஸ் கணக்கா, ஆஸ்பத்திரிக் கணக்கா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தற்கொலை பற்றி ஆய்வறிக்கை எழுதும் பிள்ளைகள் எந்தப் புள்ளிவிபரத்தை எடுப்பது என்று தடுமாறுகிறார்கள். கையில் இருப்பவை இரண்டு: பொலிஸ் திணைக்களத்தின் ஆண்டுத் தரவு, சுகாதார அமைச்சின் வைத்தியசாலைத் தரவு.

எதை எண்ணுகிறார்கள்?
பொலிஸ்: இறப்புகளை. வீட்டில் நடந்ததும் சேரும். வயது, பால், காரணம் எல்லாம் உண்டு. அந்தக் காரணப் பத்தியை மட்டும் நான் நம்புவதில்லை. பல வருடச் சிக்கலை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது.
வைத்தியசாலை: அரச வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டவர்களை. உயிர் தப்பியவர்களையும் பார்க்கலாம். ஆனால் நஞ்சு என்று பதிவானதில் விபத்தும் கலந்திருக்கும்.

எல்லை?
பொலிஸ்: பொலிஸ் பிரிவு வாரியாக.
வைத்தியசாலை: சுகாதாரப் பிராந்திய வாரியாக. அம்பாறை மாவட்டத்துக்குள் இருந்தாலும் கல்முனை தனிச் சுகாதாரப் பிராந்தியம். அம்பாறை மாவட்ட வீதம் வேண்டுமென்றால் அதையும் கூட்ட வேண்டும்.

பழைய வருடங்கள்?
இங்கே பொலிஸ் தரவுதான் கை கொடுக்கும். 1995 அளவில் லட்சம் பேருக்குச் சுமார் 47 என்றிருந்த தேசிய வீதம், கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்த பிறகு வெகுவாகக் குறைந்தது. மட்டக்களப்புக்கு மட்டும் கவனம்: யுத்தத்தால் 2001 குடிசன மதிப்பீடு இங்கே முழுமையாக நடக்கவில்லை. அந்தக் கால வீதத்தைக் கணக்கிட்டால், வகுக்கும் சனத்தொகையே உத்தேசக் கணக்குத்தான்.

சரி, இறப்புப் போக்கை எழுதுவோருக்குப் பொலிஸ் தரவு. உளநல சேவை எங்கே தேவை என்று திட்டமிடுவோருக்கு வைத்தியசாலைத் தரவு. வெளிநாடுகளோடு ஒப்பிட இரண்டும் வேண்டாம், உலக சுகாதார நிறுவனத்தின் வயதுச் சீராக்கிய வீதத்தை (நாடுகளின் வயது அமைப்பு வித்தியாசம் ஒப்பீட்டைக் குழப்பாதபடி சரிசெய்தது) எடுங்கள்.