பைப் டெஸ்டுக்கு எது சரி: மாக்கா, சிஸ்டம் கமாண்டா, சொந்த ஸ்கிரிப்டா?

பைத்தானில் சப்ப்ராசஸ் மாட்யூலை (வேறு நிரலைச் சைல்டாக ஓட்டி, பைப் என்ற டேட்டா குழாய் வழியாக அதோடு பேச உதவுவது) நம்பி எழுதிய கோடுக்கு டெஸ்ட் எழுத மூன்று வழி உண்டு: மாட்யூலையே மாக் செய்வது (அதன் இடத்தில் போலி ஒன்றை வைப்பது), எக்கோ, ஸ்லீப் மாதிரி சிஸ்டம் கமாண்டை ஓட்டுவது, டெஸ்டுக்கென்றே ஒரு குட்டி ஸ்கிரிப்டைச் சைல்டாக ஓட்டுவது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டிய கோட் என்றால் மூன்றாவதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மாக் வேகமானது. ஆர்க்யுமென்ட் சரியாகப் போகிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் அங்கே பைப்பே கிடையாது, சோதிக்க என்ன இருக்கிறது?

சிஸ்டம் கமாண்டின் சிக்கல் விண்டோஸில் தெரியும். அங்கே எக்கோ தனி நிரல் இல்லை, விண்டோஸின் கமாண்ட் ஷெல்லான சிஎம்டிக்குள்ளேயே இருப்பது. ஷெல் இல்லாமல் கூப்பிட்டால் ஃபைல் இல்லை என்று எரர் வரும். கிட் (Git) மென்பொருளோடு வரும் எக்கோ, நிரல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான பாத்தில் இருக்கும் மெஷினில் மட்டும் அதே டெஸ்ட் பாஸாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

சொந்த ஸ்கிரிப்டை சிஸ்.எக்சிக்யூட்டபிள் (இப்போது ஓடும் பைத்தான் இன்டர்பிரட்டரின் இருப்பிடம்) வழியாக ஓட்டினால், எத்தனை பைட் எழுதுவது, எப்போது ஃப்ளஷ் செய்வது (பஃபரில் தேங்கியதை வெளியே தள்ளுவது), எந்த எக்சிட் கோடோடு (நிரல் முடியும்போது தரும் எண்) முடிவது எல்லாமே நம் கையில். சைல்ட் எஸ்டிடிஎரரில் (எரர் செய்திக்கான வெளியீடு, இங்கே பைப்போடு இணைத்தது) 1 எம்பி எழுதட்டும். பேரன்ட் (சைல்டை ஓட்டிய நிரல்) எதையும் படிக்காமல் வெயிட்டை அழைக்கட்டும். லினக்ஸில் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். அது நிரம்பியதும் சைல்ட் எழுத முடியாமல் நிற்கும், பேரன்ட் சைல்ட் முடியட்டும் என்று நிற்கும். டெட்லாக். எக்கோ தரும் ஒற்றை வரியில் இந்தப் பிழை வெளியே வரவே வராது. சப்ப்ராசஸின் கம்யூனிகேட் மெத்தட், சாதாரண வெளியீடு, எரர் வெளியீடு என்ற இரண்டு பைப்பையும் சேர்த்தே படிப்பதால் தப்பிக்கிறது. அதையும் விண்டோஸில் த்ரெட் வைத்தும் மற்ற இரண்டில் செலக்டர் (எந்தப் பைப்பில் டேட்டா வந்திருக்கிறது என்று பார்ப்பது) வைத்தும் செய்கிறது, அதனால் ஒரு இடத்தில் பாஸானதை வைத்து மற்றதை நம்பக் கூடாது.

கோ மொழியின் ஓஎஸ்/எக்ஸெக் டெஸ்ட்களும் இதே வழிதான்: டெஸ்ட் பைனரி தன்னையே சைல்டாக ஓட்டிக்கொள்கிறது.

ஒவ்வொரு முறையும் இன்டர்பிரட்டர் எழுந்து வர நேரமாகும் என்பது உண்மையான குறை. அப்புறம், டெக்ஸ்ட் மோடில் எழுதினால் விண்டோஸ் வரி முடிவை இரண்டு பைட்டாக்கிவிடும், பைட்டாகவே எழுதுங்கள். டெர்மினேட் செய்த சைல்டின் ரிட்டர்ன்கோட் லினக்ஸிலும் மேக்கிலும் -15, விண்டோஸில் 1. அசர்ட்டில் ஒரே எண்ணைப் போடாதீர்கள். டைம்அவுட் இல்லாமல் இப்படி ஒரு டெஸ்டையும் சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) விடாதீர்கள்.