மோரலா, புற்றுக்காளானா? கொழும்பிலிருந்து காளான் தேடுகிறவர்களுக்கு

மே மாதம் பிறந்தால் போதும், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வட்ஸ்அப்பில் மோரல் காளான் படங்களாக அனுப்பித் தள்ளுவார்கள். இங்கே அதே நாட்களில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொள்ள, ஊர்ப்பக்கம் புற்றுக்காளான் தலைகாட்டுகிறது. எது மேல் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையையும் பெயரையும் வைத்துத்தான் கேட்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. காட்டுக் காளானில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வாயில் வைக்கும் முன், இது இன்னதுதான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வியில் மோரல் தெளிவாக முந்துகிறது. தேனடை போலக் குழிகுழியான தொப்பி, அதன் அடிவிளிம்பு தண்டோடு ஒட்டியிருக்கும். நீளவாக்கில் கத்தியால் பிளந்தால் உச்சியிலிருந்து அடிவரை உள்ளே ஒரே வெற்றிடம். போலி மோரல் என்கிற கைரோமித்ராவைப் பிளந்தால் உள்ளே அறை அறையாகவோ பஞ்சு மாதிரியோ இருக்கும், தொப்பியும் குழி விழாமல் மூளை மடிப்புப் போலச் சுருண்டிருக்கும். வெர்பா என்று இன்னொன்று உண்டு, அதன் தொப்பி உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டு பாவாடை மாதிரித் தொங்கும். ஆக, ஒரு கத்தியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் புதியவரும் கற்றுக்கொள்ளலாம். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் கொழும்பைச் சுற்றி எத்தனை நாள் நடந்தாலும் அது கிடைக்காது. குளிர்காலம் முடிந்து மண் மெல்லச் சூடேறி 10 பாகை செல்சியஸ் அளவுக்கு வரும்போதுதான் மோரல் முளைக்கிறது. ஒன்ராறியோவில் அது பெரும்பாலும் மே மாதம். பட்டுப்போகிற எல்ம் மரங்களின் அடி, ஆஷ் மரங்கள், பழைய ஆப்பிள் தோட்டங்கள் எல்லாம் தேட வேண்டிய இடங்கள். மேற்குக் கனடாவில் காட்டுத்தீ எரிந்த இடத்தில் அடுத்த வசந்தத்தில் கூட்டமாக வரும். நமக்குக் கிட்டிய இடம் என்றால் காஷ்மீரும் இமாச்சலமும்தான், அங்கே இந்தியில் இதற்குப் பெயர் ‘குச்சி’ (guchhi). மே மாதம் பிள்ளைகளைப் பார்க்க ரொறன்ரோ போகிறவர்கள், தேடத் தெரிந்த ஒருவரோடு ஒரு நாள் காட்டுக்குப் போய்ப் பாருங்கள், உண்மையிலேயே அருமையான அனுபவம். ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்பட்டு நடக்க வேண்டாம், சுற்றிவர இன்னும் சில இருக்கும்.

சரி, புற்றுக்காளான். இதை விதைப்பதும் வளர்ப்பதும் கறையான்கள். புற்றுக்குள் அவை பேணும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து மழைக்குப் பிறகு மேலே வருவதுதான் நாம் பறிக்கிற காளான். இந்தத் தொடர்பைப் பேராதனையில் இருந்த பூஞ்சை ஆய்வாளர் டொம் பெட்ச் 1906 இலேயே விரிவாக எழுதிவிட்டார். கறையான் இல்லாமல் வளராது என்பதால் பண்ணையில் கிடைக்காது. சுவையில் எனக்கு மோரலை விட இதுதான் பிடிக்கும், இறைச்சி மாதிரி இறுக்கம், தேங்காய்ப்பாலில் வைத்தால் கறியே தனி மணம்.

சிக்கல் அடையாளத்தில்தான். பெரிய வகைகளுக்குத் தொப்பி நடுவில் கூர்முனையும், மண்ணுக்குள் புற்றுவரை இறங்கும் நீண்ட வேரும் உண்டு. மேலே பிடித்து முறித்தெடுத்தால் அந்த வேர் மண்ணிலேயே நின்றுவிடும், அதோடு உங்கள் சிறந்த சாட்சியும் போய்விடும். அதனால் பக்கத்தில் தோண்டி முழுதாக எடுங்கள். மண்மேல் கம்பளம் விரித்த மாதிரி வரும் சின்ன வகைக்கு அந்த நீண்ட வேரே கிடையாது, ஆகவே வேரை மட்டும் நம்பவும் முடியாது. தண்டில் வளையமும் அடியில் பை போன்ற உறையும் சேர்ந்திருந்தால் தொடவே வேண்டாம், அமனிட்டா இனத்தில் ஆளைக் கொல்பவை உண்டு. கொழும்பில் புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடையையும் விட்டுவிடுங்கள். முற்ற முற்ற அதன் தொப்பிக்கு அடியில் இருக்கும் செவுள்கள் பச்சையாகும், தின்றால் கடும் வாந்தி வரும்.

அறிமுகமான காணியில், அந்தக் காளானையே வருடாவருடம் பறித்துச் சமைக்கிற வீட்டாரோடு போவதுதான் இங்கே சரியான வழி. பாதுகாக்கப்பட்ட காட்டில் பறிப்பது சட்டப்படி குற்றம். பறித்ததை அன்றே சமைத்துவிடுங்கள், அடுத்த நாள் புழு வைத்துவிடும்.

இன்னொன்று, ஓர் ஊரில் கற்றதை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆசியாவில் வைக்கோல் காளான் தின்று வளர்ந்தவர்கள் அமெரிக்காவில் டெத் கேப் என்ற கொடிய அமனிட்டா காளானை அதுவென்று நினைத்துச் சமைத்து இறந்திருக்கிறார்கள்.

காய்ந்த மோரல் வாங்குவது மூன்றாவது வழி. விலை அதிகம், ஆனால் கொழும்பில் இருந்தபடி மோரல் ருசி பார்க்க அதுதான் கைக்கெட்டும் வழி. தூளாகவோ துண்டாகவோ வாங்காமல் முழுக்காளானாக வாங்குங்கள், ஊறவைத்துப் பிளந்து பார்க்கலாம். எங்கே கிடைத்ததானாலும் மோரலைப் பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வேகவைக்க வேண்டும். 2023 இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய மோரலால் 51 பேர் நோயுற்று, இருவர் இறந்தார்கள். அது காட்டில் பொறுக்கியதும் அல்ல, வளர்த்த மோரல்.

றப்பர் மரத்தூளில் வளர்த்துச் சந்தைக்கு வரும் சிப்பிக் காளானை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. பயமில்லை, மலிவு, ஆனால் அந்த மணம் அதில் இல்லை.

எந்தக் காட்டுக் காளானைச் சமைத்தாலும் ஒன்றிரண்டைச் சமைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள். சாப்பிட்டு ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ கழித்து வாந்தியோ வயிற்றோட்டமோ தொடங்கினால், ஈரல் தாக்கப்படுகிற நஞ்சாக இருக்கலாம். இடையில் கொஞ்சம் குணமானது போலத் தெரிந்தாலும் காத்திருக்காமல், எடுத்து வைத்ததையும் கொண்டு உடனே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள், நச்சுத் தகவல் நிலையமும் அங்கேதான் இருக்கிறது.