சமையல் படிப்பு: மூன்றாண்டுப் பட்டமா, ஒன்றரை ஆண்டுச் சான்றிதழா?

பிளஸ் டூ முடித்து செஃப் ஆக நினைக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சென்னை தரமணியில் உள்ள அரசு ஹோட்டல் நிர்வாகக் கல்லூரியான ஐ.எச்.எம். போன்ற இடங்களில், நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் மூன்றாண்டு பி.எஸ்சி. மற்றொன்று, பத்தாவது முடித்திருந்தாலே சேரக்கூடிய, உணவுத் தயாரிப்புக்கான ஒன்றரை ஆண்டுச் சான்றிதழ். அதில் கடைசி ஆறு மாதம் ஹோட்டல் அடுக்களையில்தான்.

பட்டத்துக்குக் கட்டணமே ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும். விடுதி, கத்திப் பெட்டி, வெள்ளைக் கோட்டு எல்லாம் தனி. அப்புறம், யாரும் கணக்கில் எடுக்காத செலவு ஒன்று இருக்கிறது. சான்றிதழ்க்காரர் 18 மாதம் முன்பே வேலைக்குப் போய்விடுவார். மாதம் 15,000 என்று வைத்தாலும் 2,70,000 ரூபாய்!

சரி, பட்டதாரிக்கு முதல் நாளில் என்ன கூடுதல்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. இருவருமே கோமி, அதாவது ஹோட்டல் அடுக்களையின் கடைநிலைச் சமையல்காரர். ஒரே மேசையில் நின்று, கண் எரிய எரிய, ஒரே மூட்டை வெங்காயத்தைப் பொடியாக நறுக்குவார்கள். கை வேகத்தில் சான்றிதழ்க்காரர் முந்துவதும் உண்டு.

வித்தியாசம் பிறகுதான் தெரியும். பெரிய ஹோட்டல்களின் நிர்வாகப் பயிற்சித் தேர்வு, வெளிநாட்டு மேற்படிப்பு, ஆசிரியர் வேலை எல்லாவற்றுக்கும் பட்டம் கேட்பார்கள்.

கடன் வாங்காமல் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பட்டமே என் தேர்வு. பத்து லட்சம் கடன் வாங்கித் தனியார் கல்லூரி என்றால் வேண்டவே வேண்டாம். கோமி சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்டவே முடியாது.