மேக்செல்ஃப்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

இணையம் எட்டாத லினக்ஸ் சர்வரில் மென்பொருள் போட வேண்டும், வழக்கமான டெப், ஆர்பிஎம் பொதிகள் ஒத்துவராது என்ற இடத்தில் மேக்செல்ஃப் என்ற பொதி கட்டும் கருவி இன்றும் கைகொடுக்கிறது. ஒரு ஃபோல்டரை டார் என்ற ஒற்றைக் கோப்பாக்கி, ஜிஸிப் கருவியில் சுருக்கி, தலைமாட்டில் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை வைத்து ஒரே ரன் கோப்பாகத் தந்துவிடும். என்விடியாவின் லினக்ஸ் டிரைவர் வருவது இந்த வடிவில்தான்.

கட்டளை எளிது. ஃபோல்டர், வெளிவரும் கோப்பின் பெயர், தலைப்பு, பிரித்ததும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என இந்த வரிசையில் நான்கு. கடைசியதற்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடாமல் விடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

கட்டுவதில் பெரிய சிக்கல் கிடையாது. தொல்லையெல்லாம் பெறுகிறவரின் கணினியில்தான். மேக்செல்ஃப் பொதி பிரிவது டெம்ப் ஃபோல்டரில். பாதுகாப்பை இறுக்கிய சர்வர்களில் அதை நோஎக்ஸெக் ஆக, அதாவது அங்கிருந்து எதையும் நேரடியாக ஓட்ட முடியாதபடி, மவுண்ட் செய்திருப்பார்கள். ரன் கோப்பின் தலைமாட்டில் உள்ள ஸ்கிரிப்டை எஸ்ஹெச் என்ற ஷெல் வழியாக ஓட்டினால் அது ஓடும், கோப்புகளும் பிரியும். உள்ளே இருக்கும் இன்ஸ்டால் ஸ்கிரிப்டைத் தொட்டதும் 'பெர்மிஷன் டினைடு' வரும். நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டாலும் பலனில்லை, ஏனென்றால் தடை பயனருக்கு அல்ல, மவுண்டுக்கு. தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தைச் சொல்லும் டெம்ப்டிர் மாறியை ஹோமுக்குள் உள்ள ஒரு ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு ஓட்டினால் சரியாகும். டெம்ப் ராமில் இருக்கும் கணினிகளில் பெரிய பொதிக்கு இடம் பற்றாமல் போவதற்கும் இதே மருந்துதான்.

இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் பின்னணியில் எதையாவது ஓடவிட்டு முடிந்தால், தற்காலிக ஃபோல்டர் அழிக்கப்படும். பின்னணியில் ஓடுவது தன் கோப்புகளைத் தேடிக்கொண்டு நிற்கும். வேண்டியதை முதலில் நிலையான இடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

ஜிஸிப்புக்குப் பதில் எக்ஸ்ஸீ சுருக்கத்தைப் போட்டால் அளவு நன்றாகக் குறையும். ஆனால் மிகக் குறைந்த கருவிகளே உள்ள சர்வர் இமேஜ்களில் அந்தக் கருவியே இருக்காது. சில மெகாபைட்டுக்காக இந்த வம்பு எதற்கு? ஜிஸிப்பே போதும்.

கோப்புகளை ஷெல் ஸ்கிரிப்டாகவே கட்டும் பழைய ஷார் முறையில் எல்லாமே எழுத்து வடிவம், மின்னஞ்சலிலும் போகும். அதற்காகப் பைனரியை யூயூஎன்கோட் செய்தால், அதாவது எழுத்துகளாக மாற்றினால், அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். மேக்செல்ஃப் பைனரியை அப்படியே ஒட்டுவதால் அந்த வீக்கம் இல்லை. பதிலுக்கு, எஃப்டிபியில் ஆஸ்கி முறையில் அனுப்பினால் வரிமுடிவுகள் மாறிக் கோப்பு கெட்டுவிடும். ஓட்டுவதற்கு முன் செக் விருப்பத்தைக் கொடுத்தால் எம்டி5 என்ற செக்சம் சோதனையில் இது பிடிபடும். ஆனால் எம்டி5 பழுதைத்தான் காட்டும், சூதைக் காட்டாது. அதற்கு, அனுப்பியவரை உறுதிசெய்யும் ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பம் தனியாக வேண்டும்.

யாரோ அனுப்பிய ரன் கோப்பு என்றால் முதலில் லிஸ்ட் விருப்பத்தில் உள்ளடக்கத்தைப் பாருங்கள். பிறகு ஸ்கிரிப்டை ஓட்டாமல் விடும் நோஎக்ஸெக் (இது மேக்செல்ஃபின் விருப்பம், முன்பு சொன்ன மவுண்ட் தடை அல்ல), பிரிக்கும் இடத்தைச் சொல்லும் டார்கெட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பிரித்து, இன்ஸ்டால் ஸ்கிரிப்டை வாசித்துவிட்டு ஓட்டுங்கள். டார்கெட் மட்டும் கொடுத்தால் ஸ்கிரிப்டும் சேர்ந்தே ஓடிவிடும்.